லூத்தர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பாட்டு

ஜெர்மனியின் மார்ட்டின் லூத்தர் தம் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதினார். பெயர் ‘ஃபோம் ஹிம்மெல் ஹோக்’. 1535-இல் பாடல் நூலில் அச்சேறியது. மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? இளவட்டங்கள் விடுகதை போட்டு, பெண்களிடம் மாலையைப் பரிசாகப் பெறும் விளையாட்டுப் பாட்டிலிருந்து! சமயச் சீர்திருத்தவாதியான லூத்தருக்கு அதில் கூச்சமே இல்லை.

மொத்தம் 15 சரணங்கள். முதல் ஐந்தில் தேவதூதன் நற்செய்தி சொல்கிறான். ஆறாவதில் குரல் மாறிவிடுகிறது. வா, மேய்ப்பர்களோடு நாமும் போவோம் என்று பிள்ளைகள் கிளம்புகிறார்கள். தொழுவத்தை எட்டிப் பார்க்கிறார்கள். இந்த ஏழைக் கோலத்தில் வந்தவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று திகைக்கிறார்கள். பிறகு, என் நெஞ்சிலேயே படுத்துக்கொள் என்று பாலன் இயேசுவை அழைக்கிறார்கள். சேதி கேட்க ஐந்து சரணம், மறுமொழி சொல்லப் பத்து! பிரசங்கத்தில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளைக்கு இங்கே பேசவும் இடம் கிடைத்தது. லூத்தரின் சாமர்த்தியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1539-இல் பாட்டுக்குப் புது மெட்டு அமைந்தது. 1734-இல் இசைமேதை பாக் தமது ‘கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ’வில் எடுத்தாண்டது அந்த மெட்டைத்தான்.