உங்களுக்குத் தெரியுமா? கேமரா டயலுக்குள் இத்தனை அதிசயமா!

போர்ட் கிள்ளான் தஞ்சோங் ஹராப்பானில் கப்பல்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. ஆட்டோவில் எடுத்தால் அந்தச் செம்மஞ்சள் வெளிறிப்போகிறதே, ஏன்? 'இது தப்பான நிறம்' என்று கேமராவே திருத்திவிடுகிறது! சூரிய அஸ்தமன மோடுக்கு மாற்றிப் பாருங்கள். வானம் தகதகக்கும்!

பத்துமலை முருகன் சிலையின் உயரம் 140 அடி. கையடக்கக் கேமராவின் ஃபிளாஷ் எட்டுவதோ பத்துப் பன்னிரண்டு அடிதான்! அதற்குத்தான் நைட் போர்ட்ரெய்ட் மோட். ஃபிளாஷ் உங்கள் முகத்துக்கு. அது அணைந்த பிறகும் ஷட்டர் திறந்தே இருக்கும், பின்னால் நிற்கும் முருகனுக்காக! வெளிச்சம் அடித்ததும் நகர்ந்துவிடாதீர்கள். படம் இன்னும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது!

வெள்ளை மணலைக் கேமரா சாம்பலாக்கிவிடும். பார்ப்பதெல்லாம் 18 சதவீதச் சாம்பல் என்பதே அதன் கணக்கு! பீச் மோட் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டுகிறது.

கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான். பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒரே தாளத்தில் மின்னுகின்றன, விநாடிக்குச் சுமார் 3 முறை! இங்கே ஃபிளாஷ் அடிக்கத் தடை. ஆட்டோ மோட் இருட்டைக் கண்டதும் ஃபிளாஷைத் தானே தட்டிவிடும், ஜாக்கிரதை! அப்படியானால் எப்படி எடுப்பது? சில பானாசோனிக் கேமராக்களில் 'விண்மீன் வானம்' என்றே ஒரு மோட் உண்டு. ஷட்டர் 60 விநாடி வரை திறந்திருக்கும். கணக்குப் போடுங்கள்: ஒரு மின்மினி, ஒரே படம், சுமார் 180 மின்னல்! சம்பானில் உட்கார்ந்து எடுத்தால் எல்லாம் கோடு கோடாகிவிடும். கரையில் முக்காலி போடுங்கள்!

அதே பானாசோனிக்கில் 'பேபி' மோட். பிறந்த தேதியைப் பதிந்துவிட்டால் போதும். ஒவ்வொரு படத்திலும் குழந்தையின் வயது, மாதக் கணக்கோடு!

ஏலத்தில் விற்கும் பொருளைப் படமெடுக்க ஒலிம்பஸில் தனி மோடே இருந்தது!

நீங்கள் சிரித்தால்தான் படம்! 2007-இலேயே சோனி டி200 இதைச் செய்துவிட்டது. பல்லைக் காட்டினால் போதும்!

டிஜிட்டலுக்குத்தான் இந்த மூளை என்று நினைத்தீர்களா? 1996-இல் வந்த நிக்கான் எஃப்5 ஒரு ஃபிலிம் கேமரா. வெளிச்சத்தைக் கணிக்க அதற்குள் பதிந்து வைத்திருந்த காட்சிகள் எத்தனை தெரியுமா? 30,000-க்கும் மேல்!