ஊமைத் திருடனுக்கு வாய் வைத்தவர்கள்

1992-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி லண்டன் மாநகரில் ஒரு சித்திரப் படம் அதைச் சிருஷ்டித்தவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது. பீரங்கி முழங்கவில்லை, இரத்தம் சிந்தவில்லை. ஒப்பந்தத்தில் கண்ட ஷரத்து ஒன்றே போதுமானதாயிருந்தது. ஏறக்குறைய இருபத்தெட்டு வருஷ காலமாகக் கையால் வரைந்து சேர்த்த சித்திரங்களும், எடுத்து முடிந்த பிலிம் சுருள்களும் ஓர் உத்தரவாதக் கம்பெனியின் வசமாயின. முடிய வேண்டியிருந்தது சுமார் 15 நிமிஷப் படமே.

நாடிழந்து காடு புகுந்த இளவரசர்களின் சரித்திரம் நமக்குப் புதிதன்று. இராமனுக்குப் பதினான்கு வருஷம், பாண்டவர்களுக்குப் பதின்மூன்று. கெடு முடிந்ததும் அவர்கள் நாடு திரும்பினார்கள். தாமே வரைந்தெழுப்பிய பொன்னகரத்திலிருந்து 59-வது வயதில் வெளியேற்றப்பட்ட ரிச்சர்டு வில்லியம்ஸ் என்ற சித்திரக்காரரோ திரும்பவே இல்லை. அவர்மீது பிழையே கிடையாதா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, அதையும் ஒளியாமல் சொல்வோம்.

வில்லியம்ஸ் 1933-ல் கானடா தேசத்து டொரொண்டோ நகரில் பிறந்தவர். 1955-ல் லண்டன் வந்து, 1958-ல் ‘தி லிட்டில் ஐலண்ட்’ என்ற அரைமணி நேரச் சித்திரப் படத்தால் பெயர் பெற்றார். பிறகு, சிம்லாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இத்ரீஸ் ஷா என்பவர் தொகுத்து வெளியிட்ட முல்லா நஸ்ருத்தீன் கதைகளுக்குப் படம் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. நமக்குத் தெனாலிராமன் எப்படியோ அப்படி மேற்காசிய மக்களுக்கு முல்லா. அவரையே நாயகராக்கி ஒரு முழுநீளச் சித்திரப் படம் எடுப்பதென 1964 வாக்கில் தொடங்கினார். எட்டொன்பது வருஷம் சென்றபின் ஷா குடும்பத்தாருடன் பிணக்கு உண்டாயிற்று. முல்லா கதைகளின் உரிமை கைவிட்டுப் போயிற்று. முல்லா போனார், வில்லியம்ஸ் தம் கற்பனையில் தோன்றிய திருடன் மட்டும் நின்றான். அவனைச் சுற்றி வேறொரு கதை எழுந்தது. அதற்கு இறுதியில் நிலைத்த பெயர் ‘தி தீஃப் அண்ட் தி காப்ளர்’, அதாவது ‘திருடனும் செருப்புத் தைப்பவனும்.’

கதை எளியது. பொன்னகரம் என்று ஒரு நகரம். அதன் மிக உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் மூன்று பொன் உருண்டைகள். அவை அங்கேயுள்ளவரை நகருக்கு அழிவில்லை என்பது ஐதிகம். தலையைச் சுற்றி ஈ மொய்க்கும் அழுக்குத் திருடன் ஒருவன் அவற்றைக் களவாடுகிறான். அரசனோ எந்நேரமும் உறங்கி வழிபவன். ஜிக்ஜாக் என்ற வஜீர் இச்சமயம் பார்த்துப் பகைவரான ஒற்றைக் கண்ணர் படையுடன் சேர்ந்துகொள்கிறான். நகரைக் காப்பவன் ராஜகுமாரனல்லன். டாக் என்ற ஏழைச் செருப்புத் தொழிலாளி. வாயில் எந்நேரமும் ஆணிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் அவன் பேசுவதில்லை. ஆணிகளின் அசைவிலேயே அவனுடைய சிரிப்பும் வருத்தமும் தெரியும். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்வான். திருடனுக்கு அதுவும் கிடையாது. இவ்விருவர் மௌனத்தின்மீதே படம் முழுவதும் நிற்கிறது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நமது வழக்கு அதைப் பற்றியதே.

இந்தப் படத்தில் வேலை நடந்த விதத்தைச் சற்று விவரிப்பது அவசியம். சினிமாத் திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சித்திரப் படம் எடுப்போர் பெரும்பாலும் ஒரே சித்திரத்தை இரு தடவை படமெடுத்து, விநாடிக்கு 12 சித்திரத்தோடு காரியத்தை முடிப்பது வழக்கம். வில்லியம்ஸ் அதற்கு இணங்கவில்லை. விநாடிக்கு 24 சித்திரம் என்று பிடிவாதம் பிடித்தார். ஒன்றரை மணி நேரப் படத்திற்கு ஓர் உருவத்தை மட்டும் இவ்விதம் வரைவதாயின் 1,29,600 சித்திரங்களாகும். ஒரே காட்சியில் பல உருவங்கள் அசையுமானால் கணக்கை நேயர்களே பெருக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் உதவி சிறிதுமில்லை. பாரசீக நுண்சித்திரங்களைப் போல் ஆழம் காட்டாத சுவர்கள், சதுரங்கக் கட்டம் போட்ட தரைகள், அவற்றினூடே திருடனும் அவனைத் துரத்தும் டாக்கும் ஓடுங்கால் எது தரை எது சுவர் என்று கண் மயங்கும். பகைவரின் யுத்த யந்திரம் டாக் எறிந்த ஓர் ஆணியால் சக்கரம் சக்கரமாகச் சரிந்து விழ, அந்த அழிவின் நடுவே திருடன் பொன் உருண்டையில் மட்டும் கண்ணாகத் தலைமயிரும் கலையாமல் நடந்து செல்லும் காட்சி ஒன்றுக்காகவே இப்படம் பார்க்கத் தகும்.

இவற்றை அவர் தனியே சாதிக்கவில்லை. அமெரிக்காவில் ஓய்வுபெற்று ஒதுங்கியிருந்த மூத்த சித்திரக்காரர்களைத் தேடி லண்டனுக்கு அழைத்தார். தம் ஸ்டூடியோவின் இளைஞர்களை அவர்களிடம் மாணாக்கராக அமர்த்தினார். திருடனின் அசைவுகளில் பெரும்பகுதி கென் ஹாரிஸின் கைவண்ணம். அவர் 1982-ல் காலமானார். ‘பெட்டி பூப்’ என்ற பாத்திரத்தைப் படைத்த கிரிம் நாட்விக் வந்து உழைத்தார். அவர் நூறு வயது கண்டு 1990-ல் மறைந்தார். ஆர்ட் பாபிட் என்பவரை நமது நேயர்கள் விசேஷமாக அறிய வேண்டும். 1941-ல் டிஸ்னி ஸ்டூடியோவில் தொழிற்சங்கம் கட்டியதற்காக வேலையினின்று நீக்கப்பட்டவர் அவர். அதன்மேல் எழுந்ததே அவ்வருஷத்துப் பெரிய வேலைநிறுத்தம். அவர் 1992 மார்ச்சில் கண் மூடினார். இரண்டு மாதம் பின்னர் நடந்ததைக் காணாமற் போனது ஒரு வகையில் நல்லதே. பின்னணிகளை வரைந்த எரோல் லெ கெயின் சிங்கப்பூரில் பிறந்து, யுத்த காலத்தில் குழந்தையாக ஆக்ராவில் வளர்ந்தவர். அவர் வரைந்த மாடங்களில் கீழ்த்திசைக் கண் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றுவது அதனால்தானோ என்னவோ. அவரும் 1989-ல் இறந்துவிட்டார்.

பணத்தின் கதை வேறு. வியாபார விளம்பரப் படங்கள் எடுத்துக் கிடைத்த லாபத்தை வில்லியம்ஸ் இந்தப் படத்தில் கொட்டினார். இடையில் சவூதி அரேபிய இளவரசர் ஒருவர் 1978 வாக்கில் சுமார் பத்து நிமிஷ மாதிரிக்குப் பணம் கொடுத்தார். அதில் உருவானதே மேலே சொன்ன யுத்த யந்திரக் காட்சி. காட்சி அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் செலவும் காலமும் மதிப்பீட்டுக்கு மேல் போகவே அவர் விலகிக்கொண்டார். 1988-ல் வெளிவந்த ‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’ படத்தின் சித்திர வேலையை முடித்துக் கொடுத்து வில்லியம்ஸ் இரண்டு ஆஸ்கார் பரிசு பெற்றார். முன்பே ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ படத்திற்காக ஒன்று பெற்றிருந்தார். அந்தக் கீர்த்தியைக் கண்டே வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார் முன்வந்தனர். ஒப்பந்தம் எழுதப்பட்டது. குறித்த தவணைக்குள் படம் முடியாவிட்டால் உத்தரவாதக் கம்பெனி பொறுப்பை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் ஷரத்துக்களில் ஒன்று. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர் வில்லியம்ஸே.

இனி அவருடைய பிழை. ஒழுங்கான காட்சித் திட்டம் வகுத்துக்கொள்ளாமல் அவர் வேலை செய்தார். முடிந்த காட்சியை மீண்டும் கலைத்து, இன்னும் நன்றாக வேண்டுமென்று மறுபடி வரைந்தார். உடன் உழைத்தவர்களை இரவு பகலாக வாட்டினார். தரம் போதவில்லை என்று அடிக்கடி ஆட்களை நீக்கினார். 1991-ம் வருஷத்துத் தவணை தவறியது. 1992 மே 13-ந் தேதி வார்னர் கம்பெனியாருக்கு ஒரு பிரதி காட்டப்பட்டது. முடியாத இடங்களில் பென்சில் கோட்டுப் படங்களே இருந்தன. அவர்கள் கைகழுவி விட்டனர். அதே வருஷம் நவம்பரில் அராபிய நகரம் ஒன்றைக் கதைக்களமாகக் கொண்ட டிஸ்னியின் ‘அலாவுதீன்’ வெளிவந்து பணத்தை வாரிக்கொண்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதலாளி பக்கம் நின்று பார்த்தால், இனி ஒரு காசும் கொடுப்பதற்கில்லை என்று சொல்ல அவர்களுக்கு நியாயம் இருந்தது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அதன்பின் நடந்ததற்கு என்ன நியாயம்? உத்தரவாதக் கம்பெனியார் பிரெட் கால்வெர்ட் என்பவரை அமர்த்திப் படத்தை மலிவாக முடிக்கச் செய்தனர். பல வருஷம் வரைந்த காட்சிகள் வெட்டி எறியப்பட்டன. அவற்றுக்குப் பதிலாகப் பாட்டுக்கள் புகுந்தன. செருப்புத் தொழிலாளி வாய் திறந்து பேசினான். 1993-ல் இவ்வுருவில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் படம் வந்தது. பின்னர் மிராமாக்ஸ் கம்பெனியார் மறுபடி கத்தரித்து 1995-ல் ‘அரேபியன் நைட்’ என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியிட்டனர். அதில் திருடனும் பேசினான்! திரையில் அவன் உதடு அசையவில்லை. மேலே ஒரு நடிகரின் குரல் மட்டும் ஓயாமல் விகடம் பேசிற்று. சொல்லாமலே சிரிக்க வைப்பதற்காக ஒரு கிழவர் பல வருஷம் கோடு கோடாக வரைந்த உருவத்தின்மேல், சபையோர் சிரிக்க வேண்டிய இடத்தை எடுத்துச் சொல்லும் ஒரு வாயை ஒட்டவைத்தனர். இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் விழுங்கிய படம் அமெரிக்கக் கொட்டகைகளில் நான்கு லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை. ஆகவே, கொலையும் செய்து கூலியும் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கடனுக்கு ஈடாக வீட்டை எடுத்துக்கொள்ளும் சாகுகாரன் வீட்டை விற்கலாம், பூட்டி வைக்கலாம். அந்த வீட்டுக்காரனைப் பற்றி அவன் சொல்லாததைச் சொன்னதாக ஊரில் பறைசாற்ற அவனுக்கு உரிமை ஏது? இவ்விஷயத்தில் தேசத்துக்குத் தேசம் சட்டம் வேறுபடுகிறது. பிரான்சின் 1957-ம் வருஷத்துச் சட்டப்படி, ஆக்கியோன் தன் படைப்பின்மீது கொண்ட மானசிக உரிமையை எழுதிக் கொடுத்தாலும் இழப்பதில்லை. பிரிட்டனின் 1988-ம் வருஷத்துச் சட்டம் டைரக்டருக்கு அவ்வுரிமையைத் தருகிறது. ஆனால் எழுத்து மூலம் துறந்துவிடலாம் என்றும் சொல்லி, கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டம் ஓவியத்தையும் சிற்பத்தையும் காக்கிறது. சினிமாவுக்கு அதில் இடமில்லை.

பிரான்சிலும் முதலாளிகள் உண்டு. பால் கிரிமோ என்ற சித்திரக்காரரும் ஜாக் பிரெவேர் என்ற கவிஞரும் ஆண்டர்ஸன் கதை ஒன்றைத் தழுவி, யுத்தம் முடிந்த சில காலத்தில் ஒரு முழுநீளச் சித்திரப் படம் தொடங்கினார்கள். பணம் கரைந்தது. கூட்டாளியான தயாரிப்பாளர் அவ்விருவர் சம்மதமின்றியே அதை ஒருவாறு முடித்து 1950-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். கிரிமோ அயரவில்லை. பிற்பாடு பிலிமையும் உரிமையையும் மீட்டார். பழையதில் தகுந்ததை வைத்துக்கொண்டு, மற்றதைப் புதிதாக வரைந்தார். 1980-ல் ‘அரசனும் பறவையும்’ என்ற பெயரில் படம் அவர் நினைத்தபடியே வெளியாயிற்று. பிரெவேர் 1977-லேயே இறந்துவிட்டபடியால் முடிந்த படத்தை அவர் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வனவாசம்தான். எனினும் அங்கே மீட்சி ஒன்று இருந்தது.

வில்லியம்ஸுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. நீண்ட காலம் அவர் இந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கவே மறுத்தார். தாம் கற்றதையெல்லாம் 2001-ல் ஒரு புத்தகமாக எழுதினார்; இன்று உலகமெங்கும் சித்திரப் படத் தொழில் கற்போர் கையில் அது இருக்கிறது. 2015-ல் ‘புரோலாக்’ என்ற சிறு படத்தைத் தம் கையாலேயே வரைந்து முடித்தார். 2006-ல் அமெரிக்க ரசிகர் ஒருவர், சிதறிக் கிடந்த பிரதிகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து, மூலக் கருத்துக்கு நெருங்கிய ஓர் உருவத்தை உண்டாக்கி இணையத்தில் உலவவிட்டார். கம்பெனிகள் செய்யாத காரியத்தை ஒரு ரசிகர் செய்ய வேண்டியிருந்தது.

2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பெவர்லி ஹில்ஸில் அமெரிக்கச் சினிமா அகாடமியார் தமது கொட்டகையில் ஒரு படத்தைத் திரையிட்டனர். 1992 மே 13-ந் தேதி வரை வில்லியம்ஸ் சேர்த்து வைத்திருந்த பிரதி அது. முடியாத இடங்களில் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. தலைப்போடு ‘எ மோமெண்ட் இன் டைம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது. சபையின் முன் நின்று அதைப் பற்றிப் பேசவும் செய்தார். ஆறு வருஷம் கழித்து 2019 ஆகஸ்ட் 16-ந் தேதி இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் காலமானார். அந்தப் பதினைந்து நிமிஷம் இன்னும் வரையப்படவில்லை.