ஐயநிலை வெளிப்பாடு (ஆங்கில மொழி)

ஐயநிலை வெளிப்பாடு என்பது, பேசுபவர் தாம் நேரில் காணாத அல்லது உறுதியாக அறியாத ஒரு செயலைப் பற்றிக் கூறும்போது, அந்த உறுதியின்மையையும் சேர்த்தே உணர்த்தும் முறையாகும். தன் செயலை அறிவது போலப் பிறர் செயலை எவரும் அறிவதில்லை என்பதால், பிறரைப் பற்றிய பேச்சிலேயே இது மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் இப்பணியின் பெரும்பகுதியை "மஸ்ட்", "மே", "மைட்", "குட்", "கான்ட்" முதலிய துணைவினைகள் செய்கின்றன. "பெர்ஹாப்ஸ்", "ப்ராபப்ளி" போன்ற வினையடைகளும், "ஐ திங்க்", "ஐ சப்போஸ்" போன்ற இடைச்செருகல் தொடர்களும் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

துணைவினைகளின் இருவகைப் பொருள்

மேற்கூறிய துணைவினைகளுள் பெரும்பாலானவை இரு வேறு பொருள்களில் வழங்குகின்றன. "யூ மஸ்ட் கோ" என்பது நீ போக வேண்டும் என்னும் கட்டளை. "ஹி மஸ்ட் பி டயர்ட்" என்பதோ, அவர் களைத்திருக்க வேண்டும் என்னும் ஊகம். முன்னதைக் கடப்பாட்டு நோக்கு என்றும் பின்னதை அறிவு நோக்கு என்றும் வேறுபடுத்தலாம். தருக்கவியலில் இவ்வேறுபாட்டை கியோர்க் ஹென்ரிக் வான் ரைட் 1951-இல் வெளியிட்ட நூலில் வகுத்துக் கூறினார். ஆங்கிலத் துணைவினைகளுக்கு இதனை விரிவாகப் பொருத்திக் காட்டியவர்களுள் எஃப். ஆர். பாமர் குறிப்பிடத்தக்கவர்.

வரலாற்று நோக்கில் ஊகப்பொருள் பிற்பட்டதாகும். பழைய ஆங்கிலத்தில் "மே" என்பதன் மூலவடிவம் வலிமையையும், "மஸ்ட்" என்பதன் மூலவடிவம் அனுமதியையும் குறித்தன. ஆற்றலையும் கட்டாயத்தையும் குறித்த சொற்கள் காலப்போக்கில் பேசுபவரின் முடிவைக் குறிக்கத் தொடங்கிய இம்மாற்றத்தை எலிசபெத் டிராகாட் 1989-இல் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

கடந்தகாலச் செயல்கள்

பிறர் செய்து முடித்த செயலை ஊகிக்கும்போது துணைவினையை அடுத்து "ஹாவ்" வரும். ஓர் அலுவலக அறையில் விளக்கு அணைந்திருக்கிறது, அங்கு வேலை செய்யும் பெண்ணின் கைப்பையும் இல்லை எனக் கொள்வோம். இதைப் பார்ப்பவர் "ஷி மஸ்ட் ஹாவ் லெஃப்ட்", அதாவது அவர் புறப்பட்டிருக்க வேண்டும் என்பார். விளக்கு மட்டும் அணைந்திருந்தால் "ஷி மே ஹாவ் லெஃப்ட்" அல்லது "மைட் ஹாவ் லெஃப்ட்", அதாவது புறப்பட்டிருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவருடைய வண்டி வாயிலில் நிற்பதைக் கண்டால் "ஷி கான்ட் ஹாவ் லெஃப்ட்", புறப்பட்டிருக்க முடியாது என்பார். "மஸ்ட்" என்பதன் எதிர்மறையாக இங்கு "கான்ட்" வருவது கவனிக்கத்தக்கது. பிரித்தானிய வழக்கில் "மஸன்ட்" பெரும்பாலும் விலக்கலையே குறிக்கும். அமெரிக்க வழக்கில் "மஸ்ட் நாட் ஹாவ்" ஊகமாகவும் வரும்.

அவர் புறப்பட்டதைக் கண்ணால் கண்டவர் இவற்றுள் எதையும் பயன்படுத்தமாட்டார். "ஷி லெஃப்ட்" என்றே கூறுவார். ஆகவே "மஸ்ட்" எவ்வளவு வலிமையாக ஒலித்தாலும், நேரில் கண்டிலேன் என்னும் ஒப்புதல் அதனுள் அடங்கியுள்ளது. இதனால் அது வெறும் கூற்றைவிட வலுக்குறைந்ததா என்னும் வினா எழுகிறது. 1972-இல் லாரி கார்ட்டுனென் எழுப்பிய இவ்வினாவுக்கு, "மஸ்ட்" வலுக்குறைந்ததன்று, சான்று நேரடியானதன்று என்பதை மட்டுமே அது காட்டுகிறது என்று கை வான் ஃபின்டெல், அந்தோனி கில்லீஸ் ஆகியோர் 2010-இல் மறுமொழி கூறினர்.

"மைட் ஹாவ்" என்பது சூழலைப் பொறுத்துப் பொருள் மாறும். கடலுக்குச் சென்று திரும்பாத ஒருவரைப் பற்றி "ஹி மைட் ஹாவ் ட்ரௌன்ட்" என்றால் மூழ்கியிருக்கக்கூடும் என்னும் அச்சம். கரையேறி எதிரே நிற்பவரைப் பற்றி அதையே கூறினால், நல்லவேளையாக மூழ்கவில்லை என்பது பொருள். "யூ மைட் ஹாவ் டோல்ட் மீ" என்பதோ குறைகூறல். தமிழில் "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்பதும் இதே பணியைச் செய்கிறது.

எல்லா இடங்களிலும் இவ்வாறு ஒத்துப்போவதில்லை. "அவர் நேற்றே வந்திருக்க வேண்டும்" என்னும் தமிழ்த் தொடர், வந்திருப்பார் என்னும் ஊகத்தையும், வந்திருக்க வேண்டியவர் வரவில்லை என்னும் குறையையும் குறிக்கவல்லது. ஆங்கிலத்தில் முன்னதற்கு "மஸ்ட் ஹாவ்", பின்னதற்கு "ஷுட் ஹாவ்". தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்விரண்டும் இடம் மாறினால் ஊகம் குற்றச்சாட்டாகிவிடும்.

கேள்விப்பட்ட செய்தி

"வந்தாராம்" என்பதில் உள்ள "ஆம்" போல, பிறர் சொல்லக் கேட்டதைக் காட்டும் விகுதி ஆங்கில வினைக்கு இல்லை. "அப்பேரன்ட்லி", "ரிப்போர்டட்லி" போன்ற தனிச்சொற்களே இக்குறையை நிரப்புகின்றன. செய்தித்தாள்கள் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரைப் பற்றி எழுதும்போது "அலெஜட்லி" என்னும் சொல்லைச் சேர்க்கின்றன. ஆயினும் இச்சொல் மட்டுமே எழுதியவரைக் காத்துவிடும் என்று கருதுவது தவறு. பிறர் கூறிய அவதூறை எடுத்துக் கூறுபவரும் அதனைத் தாமே கூறியவராகக் கருதப்படுவார் என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பொது நெறி.

அதே சட்டம் ஐயத்தின் அளவையும் எடைபோடுகிறது. ஒரு நிறுவனத்தைக் காவல்துறை விசாரிக்கிறது என்று எழுதுவது, அந்நிறுவனம் குற்றம் செய்தது என்று எழுதுவதற்கு ஒப்பாகாது என "லூயிஸ் எதிர் டெய்லி டெலிகிராஃப்" வழக்கில் பிரபுக்கள் அவை முடிவு செய்தது. 2002-ஆம் ஆண்டின் "சேஸ்" வழக்குக்குப் பின், குற்றம் செய்தார், ஐயுறத் தக்க காரணம் உண்டு, விசாரிக்கத் தக்க காரணம் உண்டு என்னும் மூன்று படிகளை நீதிமன்றங்கள் அவ்வழக்கின் பெயராலேயே வழங்குகின்றன.

சொல்லும் எண்ணும்

ஐயச்சொற்களைக் கூறுபவரும் கேட்பவரும் ஒரே அளவில் புரிந்துகொள்வதில்லை. இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்க உளவுத்துறையின் ஓர் அறிக்கை. சோவியத் அணி நாடுகள் யூகோசுலாவியாவைத் தாக்குமா என்பது குறித்து 1951-இல் எழுதப்பட்ட அம்மதிப்பீடு, தாக்குதலை "சீரியஸ் பாசிபிலிட்டி" எனக் கருதவேண்டும் என்றது. கருத்தில் கொள்ளத்தக்க வாய்ப்பு என இதனைத் தமிழில் கூறலாம். அதன் ஆக்கத்தில் பங்குகொண்ட ஷெர்மன் கென்ட், வெளியுறவுத் துறை அலுவலர் ஒருவர் பொருள் கேட்டபோது, தாக்குதல் நிகழ வாய்ப்பு 65-க்கு 35 என்றார். கேட்டவர் திகைத்தார், அவர் மிகக் குறைவாகவே எண்ணியிருந்தார். பின்னர் அவ்வறிக்கைக்கு ஒப்புதல் அளித்த தம் உடன்பணியாளர்களை வினவியபோது, ஒருவர் 20-க்கு 80 என்றும் இன்னொருவர் 80-க்கு 20 என்றும் பொருள்கொண்டிருந்தது தெரியவந்தது. சொல்லில் உடன்பட்டவர்கள் பொருளில் உடன்பட்டிருக்கவில்லை. தாக்குதல் நிகழவேயில்லை.

இதனை 1964-இல் கட்டுரையாக எழுதிய கென்ட், "ஆல்மோஸ்ட் செர்ட்டன்" என்றால் ஏறத்தாழ 93 விழுக்காடு, "ப்ராபபிள்" என்றால் ஏறத்தாழ 75 விழுக்காடு எனச் சொற்களுக்கு எண்களை வகுத்தார். எண்களை விரும்பியோரைக் கணிதவியலாளர்கள் என்றும், எதிர்த்தோரைக் கவிஞர்கள் என்றும் அவர் வேடிக்கையாகப் பிரித்தது பலரும் அறிந்தது. அவர் வாழ்நாளில் இம்முறை பரவலாக ஏற்கப்படவில்லை. ஆனால் 2015-இல் வெளியான அமெரிக்க உளவுத்துறை நெறிமுறை, "லைக்லி" என்பதற்கு 55 முதல் 80 விழுக்காடு, "வெரி லைக்லி" என்பதற்கு 80 முதல் 95 விழுக்காடு என ஏழு படிகளை வரையறுத்தது. நிகழ்வின் வாய்ப்பையும், அம்முடிவில் எழுதுவோருக்கு உள்ள நம்பிக்கையின் அளவையும் ஒரே சொற்றொடரில் கலக்கலாகாது என்றும் அது கூறுகிறது.