காசும் காஷும்

சுன்னாகச் சந்தையிலே வாழைக்குலை விற்பவர், வாங்க வந்தவரைப் பார்த்து, "கடன் இல்லை அண்ணை, கைக்காசுதான்" என்று சொல்லுவார். சந்தைக்கு அணித்தாயுள்ள கடையொன்றிலே முதலாளி, "காஷாகத் தாறியளோ, செக்காகத் தாறியளோ?" என்று கேட்பார். முன்னவர் சொன்னது தமிழ். பின்னவர் சொன்னது ஆங்கிலம். ஆயினும் நம் செவியில் 'காசு' என்பதும் 'காஷ்' என்பதும் ஏறக்குறைய ஓரொலியாகவே விழுகின்றன. பொருளும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகையால், 'ஆங்கிலேயருடைய காஷ் நம்முடைய காசுதானே!' என்னும் எண்ணம் எவருக்கும் இயல்பாக எழும்.

எனக்கும் அவ்வெண்ணம் இருந்தது. நான் மாணவனாயிருந்த காலத்தில், ஆங்கிலத்துக்குத் தமிழ் அளித்த சொற்களைப் பற்றி ஒரு பேச்சுப் போட்டியிலே பேசினேன். கட்டுமரம், சுருட்டு, காசு என்று அடுக்கிச் சென்றேன். பேசி முடிந்ததும் நடுவராயிருந்த பெரியார் ஒருவர், "தம்பி, காஷ் என்பது இலத்தீனிலிருந்து வந்த சொல். நீ சொன்ன மற்றவையும் இப்படித்தான் இருக்கும்" என்றார். சபை சிரித்தது. நான் தலை குனிந்து இறங்கினேன். பல ஆண்டுகள் கழித்துச் சொற்பிறப்பு அகராதிகளை நிதானமாகப் புரட்டியபோதுதான், அன்று நானும் பிழைவிட்டேன், நடுவரும் பிழைவிட்டார் என்பது தெரியவந்தது. அந்தக் கதையையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

ஓர் ஊரிலே கந்தையா என்னும் பெயருடையார் இருவர் இருக்கலாம். பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு அவர்களைச் சகோதரர் என்று நாம் கொள்வதில்லை. யாருடைய மகன், எந்த வளவு என்று கேட்கிறோம். சொற்களையும் அவ்வாறே விசாரித்தல் வேண்டும். ஆங்கிலத்திலுள்ள 'காஷ்' என்பது பார்வைக்கு ஒரு சொல்; விசாரித்தால் வெவ்வேறு வீட்டிற் பிறந்த இரண்டு சொற்கள்.

முதலாவது காஷ், கையிலுள்ள ரொக்கப் பணத்தைக் குறிப்பது. இலத்தீன் மொழியிலே 'கப்சா' என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் பெட்டி. அதிலிருந்து பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளிலே பெட்டியைக் குறிக்கும் சொற்கள் பிறந்தன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்திலும் புகுந்தது. புகுந்தபோது பணம் வைக்கும் பெட்டியையே அது குறித்தது. பின்னர்ப் பெட்டியின் பெயர் அதனுள்ளே இருந்த பணத்துக்கு ஆயிற்று. நம் இலக்கணத்திலே இதற்கு விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது. 'ஊர் சிரித்தது' என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று கொள்கிறோம் அல்லவா? இடத்தின் பெயர் அவ்விடத்துள்ள பொருளுக்கு ஆகிவரும் அந்த இடவாகுபெயர் முறையே இங்கும் நிகழ்ந்தது.

இந்தப் பெட்டிக்கு உறவினர் பலர். மருந்து அடைத்த சிறு கூடாகிய 'கப்சூல்' என்பதற்குச் சிறு பெட்டி என்பதே பொருள். ஒரு காலத்தில் நம் வீடுதோறும் பாட்டொலித்த 'கசெற்' என்பதும் பிரெஞ்சு மொழியிற் சிறு பெட்டியே. பாரிசு நகரத்திலே வாழும் நம்மவர்கள், அங்குள்ள கடைகளிற் பணஞ்செலுத்தும் இடத்தின் மேலே 'கேஸ்' என்று எழுதியிருப்பதைக் காண்பார்கள். அதுவும் அப்பெட்டியே. இந்தக் குடும்பத்துக்கும் தமிழுக்கும் தொடர்பு யாதும் இல்லை. நடுவர் சொன்னதில் இவ்வளவும் உண்மை.

இனி, இரண்டாவது காஷ். இது சிறு நாணயமொன்றின் பெயர். இதன் பிறந்தகம் தமிழ்.

தமிழிலே காசு என்னும் சொல் மிகப் பழையது. பொருளும் பல உடையது. பொன்மணி, அணியிற் கோக்கும் மணி, மணி கோத்த மேகலை என்பன அதன் பழைய பொருள்கள். குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. யாப்பிலக்கணங் கற்ற மாணவர், வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளை அறிவர். அங்கே ஓசையின் அளவுகோலாகவும் காசு நிற்கிறது. நாணயம் என்னும் பொருளில் அச்சொல் கல்வெட்டுக்களிலே பரந்து கிடக்கிறது. 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுக்களில் 'ஈழக்காசு' என்ற பெயரையே காண்கிறோம். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்கள் காசுகளிலே நந்தியும் பிறையும் பொறித்து, 'சேது' என்று தமிழெழுத்தில் வெட்டுவித்தனர். சிங்கள மொழியிலும் நாணயத்துக்குக் 'காசி' என்றே பெயர் வழங்குகிறது.

16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் நம் கடல்களில் வாணிகஞ் செய்ய வந்தனர். துறைமுகந்தோறும் சிறு நாணயத்தைக் காசு என்று மக்கள் சொல்லக் கேட்டனர். அவர்கள் மொழியிலே பெட்டிக்குக் 'காய்ஷா' என்று பெயர். மேலே சொன்ன இலத்தீன் கப்சாவின் வழிவந்த சொல் அது. காதிலே விழுந்த காசு என்னும் புதிய சொல்லைத் தங்கள் வாய்க்குப் பழகிய காய்ஷாவாகவே அவர்கள் எழுதலாயினர். தமிழ்க் காசும் இலத்தீன் பெட்டியும் முதன்முதல் ஓருருக் கொண்டது அவர்கள் நாவிலேயாம். அவர்களைப் பின்பற்றி வந்த ஆங்கிலேயரிடம் பணத்தைக் குறிக்கும் காஷ் என்ற சொல் முன்னமே இருந்தது. ஆகவே நாணயத்தையும் காஷ் என்றே எழுதினர். இரண்டு கந்தையாவும் ஒரே இடாப்பிலே பதிவாகிவிட்டனர்.

சென்னையிலே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்காசைக் கணக்கு முறையிலேயே சேர்த்துக்கொண்டது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இம்முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நிலவியது. சென்னைக்கென்று இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே 1808ஆம் ஆண்டில் அடிக்கப்பட்ட 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களிலே, ஆங்கில எழுத்தில் இச்சொல் பொறிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஏறத்தாழ 50 தொன் நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்டினர்' என்னுங் கப்பல், 1809ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கெந்துக் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கியது. 1980களிலே மூழ்குவோர் அந்நாணயங்களைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். தமிழ்நாட்டிலே செலவாக வேண்டிய காசு, ஆங்கிலக் கடலின் மணலுக்குள்ளே 170 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. திருவிதாங்கூர் அரசிலோ 16 காசு ஒரு சக்கரம் என்னுங் கணக்கு 1949 வரையில் வழங்கியது.

இச்சொல் சென்ற தூரம் இன்னும் பெரிது. நடுவிலே சதுரத் துளையிட்டு, கயிற்றிலே கோத்து வைக்கப்படும் சீனச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பிய வணிகர் இதே பெயரால் அழைத்தனர். யாப்பகுவையிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட அத்தகைய நாணயங்களுக்கும் நாணயவியலார் இடும் ஆங்கிலப் பெயர் காஷ் என்பதே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சீனாவில் அடிக்கப்பட்ட செப்பு நாணயங்கள் பலவற்றில், சீன எழுத்தோடு 'பத்துக் காஷ்' என்று ஆங்கிலத்திலும் பொறித்தனர். சீனர் தம் மொழியில் அவ்வாறு சொல்வதில்லை. நம்முடைய சொல் போர்த்துக்கேயர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் ஏறி, சீனத்து நாணயத்தின் முகத்திற்போய் அமர்ந்தது. 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் அகராதியிலே யூல், பர்னல் என்னும் இருவர் இவ்வழியை ஆராய்ந்து காட்டியுள்ளனர்.

இன்னொரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். வங்கியிலே பணத்தை எண்ணித் தருபவரைக் 'காஷியர்' என்கிறோம். ஆங்கிலத்திலே அதே எழுத்தும் அதே ஒலியுங் கொண்ட வினைச்சொல் ஒன்றும் உண்டு. படையதிகாரி ஒருவரை இழிவோடு பதவியிலிருந்து நீக்குதல் என்பது அதன் பொருள். பெட்டிக்கும் காசுக்கும் அதனோடு உறவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டிலே போர்புரிந்த ஆங்கிலப் படையினர், ஒல்லாந்த மொழியிலிருந்து அதைக் கொண்டுவந்தனர் என்பர். பணத்தைக் கையாளுபவரும் பதவி இழந்தவரும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுவது தற்செயலே. கையாடல் அதற்குக் காரணமன்று!

நாமும் பிறரிடத்திற் கொள்ளாமல் இருந்தோமில்லை. யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை ஆண்டனர். அவர்களுடைய 'டொயிட்' என்னும் சிறு நாணயமே நமக்குத் துட்டு ஆயிற்று என அகராதியார் கூறுவர். நம் கடைக்காரர் காசு போடும் மேசை லாச்சியும், உத்தியோகத்தர் வேலை செய்யும் கந்தோரும் அவர்கள் தந்த சொற்களே. துட்டு அந்நியமென்று நாம் வெட்கப்படுவதில்லை. அதுபோலவே பணத்தைக் குறிக்கும் காஷ் இலத்தீன் என்று ஒப்புக்கொள்வதிலும் நமக்குக் குறைவில்லை.

இவ்வளவும் அலைந்த பின், இரண்டு சொற்களும் மீண்டும் சந்தித்த இடம் நம்முடைய வீடேயாகும். 'செக்' என்பதற்குக் காசோலை என்றும், 'காஷியர்' என்பதற்குக் காசாளர் என்றும் பெயர் வைத்துக்கொண்டோம். தபாற் கந்தோரிலே நாம் கேட்பது காசுக்கட்டளை. கணக்கியல் பயிலும் இலங்கை மாணவர் எழுதுவது காசேடு; தமிழ்நாட்டு மாணவர் அதனை ரொக்க ஏடு என்பர். காசாளர் என்னும்போது ஆங்கில ஒலியும் தமிழ்ப் பொருளும் ஒருங்கே பொருந்திவிடுகின்றன.

நேயர்களே, மொழிப்பற்று நல்லது. ஆனால் அகப்பட்ட சொல்லையெல்லாம் நம்முடையதென்று வழக்குரைப்போமானால், உண்மையாகவே நம்முடையதாயுள்ள காணிக்கும் உறுதி செல்லாமற் போய்விடும். அன்று மேடையிலே எனக்கு நேர்ந்தது அதுதான். காஷ் என்ற ஒன்றைத் தவறாகச் சொன்னமையால், கட்டுமரத்தையும் சுருட்டையுங்கூட இழந்தேன். அவை இரண்டும் ஐயத்துக்கு இடமின்றித் தமிழிலிருந்து சென்றவை. நடுவரோ ஒரு பிழையைக் கண்டு, மூன்றையும் தள்ளிவிட்டார். ஒரு சொல்லைக் கண்டால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது போதும்: அது எந்த மொழியில் முந்தித் தோன்றுகிறது? யார் வழியாக, எந்தத் துறையாற் சென்றது? இடையிலே பொருள் எவ்வாறு மாறியது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் உறவென்று கொள்ளலாம். ஒலி ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து, "காஷ் தமிழ்ச் சொல்லா?" என்று கேட்டால், "ஒன்று தமிழ், ஒன்று தமிழன்று" என்று சொல்லுங்கள். கையிலே ஒரு பழைய செப்புக் காசிருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள்.