‘ஏன் அப்பா நான் சேர்ச்சுக்கு வரவேணும்?’

ஸ்காபரோவில் எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலையில் பெரிய பெடியன்களின் வகுப்பை நான் எடுத்து வருகிறேன். 13 வயதிலிருந்து 17 வரை. இந்த வயதுக்காரர் டைனோசரைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும் கேட்டுத் திணறடிப்பார்கள் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அதெல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்வி வேறு: “நான் ஏன் இங்க வரவேணும்?”

இதை வீட்டில் கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று ஒருநாள் அவர்களிடமே கேட்டேன். “சும்மா கதையாமல் வெளிக்கிடு.” “அம்மாவைக் கேள்.” “நாங்கள் கிறிஸ்தவர், அதுதான்.” மூன்றும் தகப்பன்மாரின் பதில்கள். அம்மாமாரிடம் இதைவிட நீளமான பதில் இருக்கிறது; ஆனால் பதினைந்து வயதுப் பெடியன் தன் எதிர்காலத்துக்கு அம்மாவைப் பார்ப்பதில்லை. அப்பாவைத்தான் பார்க்கிறான், பார்க்காத மாதிரி.

பிள்ளை வளர்ப்புக் கூட்டங்களில் உபாகமம் 6ஆம் அதிகாரத்தை எடுக்காத போதகர் இல்லை. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளோடு கடவுளின் வார்த்தையைப் பேசு என்கிற பகுதி. எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதே அதிகாரத்தில் 20ஆம் வசனம் வரை ஆரும் போவதில்லை. அங்கே ஒரு மகன் கேட்கிறான்: இந்தக் கட்டளைகள் எல்லாம் என்னத்துக்கு? எங்கள் பெடியன்களின் அதே கேள்வி. அதற்குத் தகப்பன் சொல்லவேண்டிய பதிலையும் மோசே சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பதில் ஒரு விதியோடு தொடங்கவில்லை. எகிப்தில் நாங்கள் அடிமையாய் இருந்தோம், அங்கிருந்து எங்களை வெளியே கொண்டு வந்தார் என்று தொடங்குகிறது. கேட்டது சட்டம், பதில் கதை. யோர்தானைக் கடந்த பிறகு ஆற்றிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து நட்டதும் இதற்குத்தான். பிள்ளைகள் பார்த்து, இது என்ன கல் என்று கேட்கவேண்டும். கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்கவேண்டும்.

எங்கள் தகப்பன்மாரிடம் கதைக்குப் பஞ்சமா?

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த 1990களின் தொடக்கத்தில் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது, கைதடிப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு நின்றவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்காகப் பதுங்கியிருந்தவர், ஏஜென்சிக்காரன் நடுவழியில் விட்டுப்போன ஊரில் பாஷை தெரியாமல் நின்றவர், மொன்றியலில் இறங்கி அகதி என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லோடு நின்றவர். அந்த நேரங்களில் அவர்கள் ஜெபித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் மாதிரி இல்லை, உயிர் போகிற ஜெபம். அதைப் பற்றி மகனுக்கு ஒரு சொல் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அப்பா என்பவர் பிரசங்க நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டு, பார்க்கிங்கில் நின்று வீட்டு வட்டி வீதம் கதைக்கிற ஒருவர்.

என் வகுப்புப் பெடியன் ஒருவன் ஒரு ஞாயிறு வந்து, “அப்பா படகில வந்தவராம், நேற்றுத்தான் சொன்னவர்” என்றான். கொக்கி பயிற்சி முடிந்து 401இல் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட நேரத்தில் கதை எப்படியோ வந்திருக்கிறது. அப்போது என்ன சொல்லி ஜெபித்தீர்கள் என்று இவன் கேட்டிருக்கிறான். “ஒண்டும் வரேல்லை. ஆண்டவரே, ஆண்டவரே எண்டது மட்டும்தான்” என்றாராம் தகப்பன். வகுப்பில் நான் மூன்று மாதமாக ஜெபத்தைப் பற்றிப் படிப்பித்ததைவிட அந்த ஒரு பதில் அவனுக்கு அதிகம் படிப்பித்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நினைத்தாலே நெஞ்சு அடைக்கும். ஆம்பிளை அழக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். லாசருவின் கல்லறைக்கு முன்னால் எல்லாரும் பார்க்க இயேசு அழுததைப் படித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் இதைவிட ஆழமான பயம் ஒன்று இருக்கிறது. “உங்களைக் காப்பாற்றின கடவுள் மற்றப் படகில இருந்த ஆக்களை ஏன் காப்பாற்றேல்லை?” என்று மகன் கேட்டுவிடுவான். நவாலியில் 1995 ஜூலை 9ஆம் திகதி குண்டு விழுந்தது தேவாலயத்தில் அடைக்கலம் தேடிப் போன சனத்தின் மேல்தான். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இதற்கு என்ன பதில்?

என்னிடமும் இல்லை. இல்லை என்று மகனிடம் சொல்லலாம் என்பதுதான் என் வாதம். “நானும் இதைக் கேட்டிருக்கிறன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறன், அப்பிடியும் ஜெபிக்கிறன்” என்று ஒரு தகப்பன் சொன்னால், விசுவாசம் என்பது கேள்வி இல்லாத இடம் இல்லை என்று பெடியன் விளங்கிக்கொள்வான். யோபுவின் புத்தகம் முழுக்க இந்தக் கேள்விதான். சங்கீதங்களில் எத்தனையோ, கடவுளே எங்கே போனீர் என்ற முறைப்பாடுகள். வேதாகமமே வைத்திருக்கிற கேள்வியை நாங்கள் வீட்டில் ஒளித்து வைத்தால், அவன் அதைப் பல்கலைக்கழகத்தில் முதல் தடவையாகக் கேட்பான். அங்கே அப்பா பக்கத்தில் இருக்கமாட்டார்.

இதில் ஒரு எச்சரிக்கை. கதை சொல்வது வேறு, கதையால் அடிப்பது வேறு. “நாங்கள் பட்ட கஷ்டத்துக்கு நீ சேர்ச்சுக்கு வர மாட்டன் எண்டுறியோ?” என்று தொடங்கினால் அவன் காதை மூடிவிடுவான். பிள்ளைகளுக்குக் கோபம் மூட்டாதேயுங்கள் என்று பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதியது குறிப்பாகத் தகப்பன்மாருக்குத்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரத்தத்தை விவரிக்கவும் தேவையில்லை. யுத்தத்தைக் காணாதவர்களுக்கும், நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலை விசாவில் வந்தவர்களுக்கும் கதை உண்டு. வேலை போன குளிர்காலம், மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாள், விடமுடியாமல் விட்ட குடி. மகனுக்குத் தேவை சாகசம் இல்லை; அப்பா உண்மையாகவே ஆரோடோ கதைத்திருக்கிறார் என்கிற செய்திதான்.

தகப்பன் சைவமாகவோ எதிலும் அக்கறை இல்லாதவராகவோ இருக்கிற வீடுகள் எங்களுக்குள் நிறைய. தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்து மனம் உடையவேண்டாம். தீமோத்தேயுவின் தகப்பன் ஒரு கிரேக்கர். பவுல் அவனுடைய விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா மகனுக்காக அழுத வருடங்கள் கொஞ்சமா? 354இல் பிறந்தவர் ஞானஸ்நானம் பெற்றது 387இல், அதுவும் வேறு தேசத்தில், மிலான் நகரில். அங்கே அவருக்கு அம்புரோசு என்ற ஆயர் கிடைத்தார். சபையில் இருக்கிற அங்கிள்மாருக்கு இதில் வேலை இருக்கிறது. ஒரு பெடியனை உங்களோடு கூட்டிக்கொண்டு போய் முதியோர் இல்லத்தில் ஆரையாவது பார்த்துவிட்டு, வரும் வழியில் ஒரு டிம் ஹோட்டன்ஸில் நிறுத்துங்கள். மிச்சத்தை அவனே கதைப்பான்.

மொழி பற்றி ஒரு சொல். பல சபைகளில் சேர்ச் என்பது இன்னொரு தமிழ்ப் பள்ளிக்கூடமாக ஆகிவிட்டது. தமிழ் வேணும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாங்கள் வாசிக்கிற வேதாகமம் 1871இல் வந்த மொழிபெயர்ப்பு. அதன் தமிழ் எனக்கு அமுதம். இங்கே பிறந்தவனுக்கு அது மூன்றாவது பாஷை. அவன் ஆங்கிலத்தில் ஜெபித்தால் திருத்தாதேயுங்கள். கடவுளோடு கதைத்துக்கொண்டிருப்பவனை நிறுத்தி ழகரம் படிப்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகனைக் கிறிஸ்தவ ஆண்மகனாக வளர்ப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் புத்தகம் புத்தகமாக வருகிறது. சிலவற்றை வாசித்தேன். தலைமைத்துவம், வீரம், பாதுகாப்பு என்று அதிகம் பேசுகின்றன. எங்கள் ஆட்களுக்கு அது இனிக்கும். புருஷன் தலை என்கிற வசனம் எங்கள் வீடுகளில் ஏற்கெனவே நன்றாகத்தான் ஓடுகிறது. கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்த மாதிரி மனைவியை நேசி என்கிற அடுத்த பகுதிதான் ஓடுவதில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டங்களைப் பாருங்கள். ஆமென் சொன்னதும் ஆண்கள் ஹோலில் இருந்து ஊர் அரசியல் கதைப்பார்கள். பெண்கள் குசினியில். பன்னிரண்டு வயது மகள் றோல்ஸ் தட்டோடு சுற்றுவாள், பதினாறு வயது மகன் சோபாவில் போனோடு இருப்பான். அந்த மாலையில் அவன் படித்த பாடம் வாசித்த வசனம் இல்லை. கடைசி இராப்போசனத்தில் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷரின் காலைக் கழுவியவரைப் பின்பற்றுகிறோம் என்றால், முதலில் தகப்பன் எழும்பி அந்தக் கோப்பைகளைக் கழுவவேண்டும். மகனைக் கழுவச் சொல்ல அதற்குப் பிறகுதான் வாய் வரும்.

ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகள் அரச பணத்தில் நடப்பதால், அங்கே சேர்த்துவிட்டால் மிச்சத்தை ரீச்சர் பார்ப்பா என்று நிம்மதியாக இருப்பவர்களையும் காண்கிறேன். கத்தோலிக்கர் உறுதிப்பூசுதல் என்பார்கள், நாங்கள் திடப்படுத்தல் என்போம். இரண்டு பக்கமும் அது பட்டமளிப்பு விழா மாதிரி ஆகிவிட்டது. கோட், சூட், மண்டபம், படம். அடுத்த ஞாயிறு ஆளைக் காணோம்.

ஜூன் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். வழக்கமாக எங்கள் சபையில் அப்பாமாருக்கு ஒரு பேனையும் கேக் துண்டும் கொடுப்போம். இந்த முறை இரண்டு தகப்பன்மாரை என் வகுப்புக்கு வந்து தங்கள் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் முடியாது என்றுவிட்டார். மற்றவர் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, “ஐஞ்சு நிமிசத்துக்கு மேல கதைக்க மாட்டன். மைக் வேண்டாம். என்ர மகன் முன் வரிசையில இருக்கக் கூடாது” என்றார். பின் வரிசையில் இடம் வைத்திருக்கிறேன்.