கல்லும் கதை சொல்லும்

ஊர்களைச் சுற்றிப் பார்த்தலும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும். ஆயினும், ஆறும் அருவியும் சோலையும் காணப் புறப்படுவோர் பலர். வெயிலில் காய்ந்து கிடக்கும் பாறையைக் காணப் புறப்படுவோர் மிகச் சிலர். வெறுங்கல்லில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்பது பலருடைய எண்ணம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். நல்லம்பள்ளியில் தன்னந்தனியே திரிந்த ஒருநாள் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

நல்லம்பள்ளி, தருமபுரி நகருக்குத் தெற்கே, சேலம் செல்லும் பெருவழியில் உள்ளது. அதற்கு வடக்கே, தகடூரை ஆண்ட வள்ளலின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை இருக்கின்றது. தெற்கே, மலைகளுக்கு இடையே சாலை சரிந்து இறங்கும் தொப்பூர்க் கணவாய் இருக்கின்றது. புன்செய் நிலங்களுக்கு நடுவே பாறைத் திட்டுகளும், முட்செடி படர்ந்த குன்றுகளும் ஆங்காங்கே தோன்றும். இது பாலைவனம் அன்று. மழை பெய்தால் பசுமை போர்க்கும் நிலமே. எனினும் கோடையில் இதனைக் காண்போர்க்கு, மழை வறண்ட காலத்துக் காடும் மலையுமே பாலையாகும் என்ற பழந்தமிழர் கருத்து நன்கு விளங்கும்.

மாசித் திங்களில் ஒருநாள் விடியுமுன் புறப்பட்டேன். தோளில் ஒரு பை. அதில் கட்டுச்சோறும் இரண்டு புட்டி நீரும் இருந்தன. எவ்வழியே செல்கிறேன், எப்பொழுது திரும்புவேன் என்பவற்றைத் தங்கியிருந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டே சென்றேன். தனியே செல்வோர் இதனை ஒருபோதும் மறத்தல் ஆகாது. மாணவர்களாகிய நீங்களோ ஆசிரியருடன் அல்லது பெற்றோருடன் செல்வதே முறை.

முதலில் ஒரு பாறைக் குன்றின்மேல் ஏறினேன். அதன் முகடு யானையின் முதுகைப்போல் வழுவழுப்பாக வளைந்திருந்தது. ஓரிடத்தில் சிறு கல்லால் தட்டினேன். ‘கணீர்’ என்ற ஓசை எழுந்தது. சற்றுத் தள்ளித் தட்டினேன். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ‘பொத்’தென்று ஒலித்தது. குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரு விரற்கடைப் பருமனுள்ள கல்லேடு ஒன்று, வெங்காயத்தின் தோல்போல் பாறையை விட்டு உரிந்து நின்றது.

கல் உரிவது எவ்வாறு? இப்பாறைகள் பூமியின் ஆழத்தில், பல கிலோமீட்டருக்குக் கீழே, பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. மேலிருந்த சுமையெல்லாம் காலப்போக்கில் தேய்ந்து நீங்கவே, அழுத்தம் குறைந்து பாறை சற்றே விரிகின்றது. அப்பொழுது மேற்பரப்பிற்கு இணையாக வெடிப்புகள் தோன்றுகின்றன. பகல் வெயிலும் இரவின் குளிர்ச்சியும், வெடிப்பில் இறங்கும் மழைநீரும் அவ்வெடிப்புகளைப் பெரிதாக்குகின்றன. ஏடுகள் ஒவ்வொன்றாய்க் கழல்கின்றன.

அக்குன்றின் சரிவில், உருண்டைக் கல்லொன்று மற்றொன்றன்மேல் ஏறி நின்றது. அரக்கர் விளையாடிய அம்மானைக் காய்களோ என்று தோன்றியது. உண்மையில் அவற்றை எவரும் தூக்கி வைக்கவில்லை. ஒரே பாறையாய் இருந்தது குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்தது. அப்பிளவுகளில் நீர் புகுந்து, மூன்று பக்கமும் தாக்குண்ட மூலைகளை முதலில் கரைத்தது. கரைந்தது மண்ணாகி மழையோடு போயிற்று. கரையாத நடுப்பகுதி உருண்டையாய் எஞ்சி நின்றது. சுற்றியுள்ள வயல்களில் கேழ்வரகு விளையும் செம்மண்ணும் இவ்வாறு பாறை கொடுத்த கொடையே!

வெயில் ஏறுமுன் சாலைக்கு வந்து, பேருந்தில் தொப்பூர் சென்றேன். வண்டிகள் விரையும் வழியை விட்டு விலகி, மலையடிவாரத்தில் நடந்தேன். ஈண்டுள்ள மலைத்தொடர்களில் சார்னோக்கைட் என்னும் கருங்கல் மிகுதி. இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. அக்கல்லை ஆராய்ந்த தாமசு ஆலந்து என்னும் அறிஞர், 1893ஆம் ஆண்டில் அவர் பெயரையே அதற்கு இட்டார். தருமபுரி வட்டாரப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர்.

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில், வறண்ட நிலத்தின் நடுவே ‘வளைவுகள்’ என்னும் பொருள்படும் பெயருடைய தேசியப் பூங்கா ஒன்று உண்டு. காற்றும் நீரும் உறைபனியும் மணற்பாறையைக் குடைந்து, 2,000க்கு மேற்பட்ட கல் வளைவுகளை அங்கே ஆக்கியுள்ளன. அவற்றுள் பெரியதொரு வளைவு, 2008ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஓர் இரவு தானே இடிந்து வீழ்ந்தது. அசையாதது என்று நாம் எண்ணும் கல்லும் மாறிக்கொண்டே இருக்கின்றது என்பதற்கு இது சான்று.

பிற்பகலில் நல்லம்பள்ளிக்குத் திரும்பி, ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். கொண்டுவந்த நீர் தீர்ந்து, நாவறண்டது. வழியில் ஓர் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைக் கண்டு கைப்பிடியைப் பற்றினேன்.

“அது வேண்டாம் தம்பி, குடத்தில் காவிரித் தண்ணீர் இருக்கிறது, தருகிறேன்” என்று ஒரு முதியவள் குடிசையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவள் செம்பை நீட்டிச் சிரித்தாள். பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. முதுகு விறைத்துப்போனமையால் அவளால் குனியவும் இயலவில்லை. “சிறு வயதிலிருந்து கிணற்றுத் தண்ணீரே குடித்தோம், கல்லின் நஞ்சு அதில் இருப்பது யாருக்குத் தெரியும்?” என்றாள்.

அவள் சொல் உண்மையே. இவ்வட்டாரப் பாறைகளிலுள்ள சில கனிமங்களில் புளூரைடு என்னும் பொருள் கலந்துள்ளது. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கின்றது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தல் கூடாது. மிகுந்தால், வளரும் குழந்தைகளின் பற்களில் கறை உண்டாகும். ஆண்டுகள் பல கழியின் எலும்பும் மூட்டும் விறைக்கும். அந்நீர் தெளிவாகவே தோன்றும். சுவையாலும் அறிய இயலாது. காய்ச்சினாலும் புளூரைடு நீங்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இக்கேட்டினைக் களைவதற்காகவே, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2013ஆம் ஆண்டில் மக்களுக்கு அளிக்கப்பெற்றது. ‘ஒகேனக்கல்’ என்பது ‘புகையும் கல்’ எனப் பொருள்படும் கன்னடச் சொல். ஆற்றுநீர் பாறைமேல் வீழ்ந்து புகைபோல் எழுவதால் அப்பெயர் வந்தது. ஒரு பாறை நாட்டின் நோய்க்கு மற்றொரு பாறையிடத்துப் பாயும் நீர் மருந்தாயிற்று!

அன்று காலையில் குன்றின்மேல் நான் கண்ட வெடிப்பும், மாலையில் அம்மூதாட்டியின் சிரிப்பில் கண்ட கறையும் ஒரே கதையின் இரு பகுதிகள் என்பதை உணர்ந்தேன். பாறை நமக்கு மண்ணைத் தருகின்றது; நீரைச் சேர்த்து வைக்கின்றது; அந்நீரில் தன் இயல்பையும் கலந்துவிடுகின்றது. ஆகவே, நம் காலடியிலுள்ள கல்லை அறிதல் பொழுதுபோக்கு அன்று. நம் நலத்தைக் காக்கும் அறிவே ஆகும்.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பாறை இருக்கும். அது எவ்வகைக் கல், எவ்வாறு உடைகின்றது, அதனடியில் ஊறும் நீர் ஆய்வு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பார்க்குக் கல்லும் கதை சொல்லும்.