முத்துக்கு எழுத்து எத்தனை?

'முத்து' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மு, த், து. ஆக மூன்று என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 6 என்று விடை வரும்! 'தூத்துக்குடி'க்கு நம் கணக்கில் 6 எழுத்து. அதன் கணக்கிலோ 12. கணிப்பொறிக்கு எண்ணத் தெரியாதா என்ன?

தெரியும். ஆனால் அது எண்ணுவது வேறு ஒன்றை.

நிரலில் வரும் சொல்லையோ வாக்கியத்தையோ தமிழில் 'சரம்' என்கிறோம். பொருத்தமான பெயர்தான். முத்துச்சரத்தில் மணிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதுபோல், இதில் குறிகள் வரிசையாக நிற்கின்றன. கணிப்பொறிக்கு எண்கள் மட்டுமே புரியும். எனவே ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்களை வகுத்துத் தருவது யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது.

ஆனால் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரப்படவில்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரம் ஏறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. 'மு' என்பது ம (2990), உகரக் குறி (3009) என இரண்டு மணிகள். 'த்' என்பது த (2980), புள்ளி (3021). 'து' என்பது த, உகரக் குறி. எண்ணிப் பாருங்கள், 6 மணிகள்! ஜாவாஸ்கிரிப்ட் இந்த மணிகளையே எண்ணுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? விண்ணப்பப் படிவம் ஒன்றில், பெயருக்கு 10 இடம் போதும் என்று கருதி, மிஞ்சியதை வெட்டிவிடும் நிரலை ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். 'தமிழ்ச்செல்வி'க்கு எழுத்து 7தான், மணிகளோ 13. அம்மாணவியின் பெயர் 'தமிழ்ச்செல' என்று பாதியில் அறுந்து நிற்கும்.

இதைவிட விந்தையானது கொற்கையின் கதை. தூத்துக்குடி மாவட்டத்தில், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் இவ்வூர், பண்டைப் பாண்டியரின் புகழ்பெற்ற முத்துத் துறைமுகம். இதன் முதல் எழுத்தான 'கொ'வை இரு வகையில் கோக்கலாம். க-வுடன் ஒகரக் குறியை (3018) ஒரே மணியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு (3014), கால் (3006) என இரு மணிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் 'கொற்கை' ஒன்றில் 6 மணி, மற்றதில் 7. இரண்டும் சமமா என்று கேட்டால், 'இல்லை' என்றுதான் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும்.

இனி 'ஆப்ஜெக்ட்' என்பதைப் பார்ப்போம். முத்து வணிகர் ஒரு முத்தின் பருமன், நிறம், எடை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்வார் அல்லவா? அதுபோல, பெயர்ச்சீட்டு ஒட்டிய அறைகளைக் கொண்ட பெட்டியே ஆப்ஜெக்ட். சீட்டைச் சொன்னால் அறையிலுள்ளது கிடைக்கும். அந்தச் சீட்டும் பெரும்பாலும் ஒரு சரமே! ஊர்ப்பெயர்களைச் சீட்டாக வைத்துப் பெட்டி ஒன்று செய்து, 'கொற்கை'யை 6 மணிகளாக எழுதி வைக்கிறீர்கள். வேறொருவர் 7 மணிகளாகத் தட்டச்சு செய்து தேடுகிறார். 'அப்படி ஓர் அறையே இல்லை' என்று விடை வருகிறது. ஊருக்குப் பதில் அது ஒரு நோயாளியின் பெயராகவோ வாக்காளரின் பெயராகவோ இருந்தால்? பட்டியலில் இருந்தும் அவர் இல்லாதவர் ஆகிவிடுவார்.

பரிகாரம் எளிது. ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்னும் செயல் உண்டு. பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியாக இணைத்துவிடும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இதைச் செய்தால் குழப்பம் இல்லை. ஒன்றை மறவாதீர்கள்: ஆப்ஜெக்டின் அறையில் உள்ளதை மாற்றலாம்; ஆனால் ஒருமுறை கோத்த சரத்தை மாற்ற முடியாது. நார்மலைஸ் தருவது ஒரு புதிய சரம். அதை எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் செய்த வேலை வீண்.

எழுத்துகளைச் சரியாக எண்ண 'இன்டல் செக்மென்டர்' என்னும் கருவி இருக்கிறது. மணிகளை எழுத்துகளாகக் கூட்டித் தரும் இக்கருவி, 2024இல் ஃபயர்பாக்ஸிலும் சேர்ந்ததிலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அதனிடம் 'முத்து'வைக் கொடுத்தால் நம்மைப் போலவே 3 என்று எண்ணும்.

இப்போது ஒரு பயிற்சி. உங்கள் பெயரைத் தாளில் எழுதி, எழுத்து எத்தனை, மணி எத்தனை என்று கணக்கிடுங்கள். பிறகு பள்ளிக் கணிப்பொறியில் சரிபாருங்கள். ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ சேர்ந்த உயிர்மெய் உங்கள் பெயரில் இருந்தால், அதை இரு வகையிலும் கோத்துப் பார்க்க மறக்காதீர்கள்!